மச்சான் பென்சில்

சாந்தா ருஃபீனா, புவேர்ட்டோ ரிக்கோ
9 ஜனவரி 1983

அன்புத் தம்பி தெயோஃபிலோவுக்கு,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். ஆசீர்வாதம் கேட்டு நீ எழுதிய வாழ்த்துக் கடிதம் மூன்று ராஜாக்கள் திருநாளன்று வந்து சேர்ந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நியூயார்க் குளிரில் அதை மூடி வை. எனக்குச் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் அத்தான் லாவோ திடமாக இருக்கிறார். தோட்டத்தில் துவரை காய்த்துக் கொட்டுகிறது.

நலம் விசாரித்தாயிற்று. இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

நம் ஊர் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு இந்த வருடம் நான்கு பேரை எழுதியிருக்கிறார்கள். நான்கில் லாவோ இல்லை. ஆறாவது வருடமாக இல்லை. மருந்துக்கடைக்காரரின் மகன் இருக்கிறான். இரண்டே பருவம் ஆடினான், அதிலும் பாதி நாள் வயிற்றுவலி என்று உட்கார்ந்திருந்தான். ஒன்பது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் பந்தைத் தடுத்துக்கொண்டு வெயிலில் நின்ற மனிதருக்கு மைதான வாசல் சுவரில் ஒரு சாண் வெண்கலம் கிடையாது.

காரணம் கேட்டேன். மண்டபத் தலைவர் யார் தெரியுமல்லவா? அந்நாளில் நம் அணிக்குப் பந்து எறிந்த பிட்சர் ரைமுந்தோதான். "ஒன்பது வருஷத்துல எண்பத்து மூணு பிழை. அதுல ஒண்ணு எதுன்னு ஊருக்கே தெரியும்" என்றார். ஐம்பத்தாறில் லோமா செக்கா ஊரோடு நடந்த ஆட்டத்தைச் சொல்கிறார். ரைமுந்தோ ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை வந்துவிட்டார், அப்போது லாவோவைத் தாண்டி ஒரு பந்து போனது. ஹிட் என்றால் அடித்தவன் கெட்டிக்காரன், பிழை என்றால் தடுக்காதவன் குற்றவாளி. ஸ்கோரர் நாற்காலியில் இருந்த நீ பிழை என்று எழுதினாய். ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டம் என்று ரைமுந்தோவுக்கு அது சரித்திரம் ஆயிற்று. லாவோவுக்கு 'எண்ணெய்க்கை' என்ற பெயர் ஆயிற்று. இன்றைக்கும் ரொட்டிக்கடையில் அவர் கையிலிருந்து சில்லறை விழுந்தால் சிரிக்கிறார்கள்.

ஜூன் கடைசியில் மண்டபச் சங்கம் கூடிப் பெயர்களை உறுதி செய்யும். அதற்குள் ஆட்சேபம் எழுதித் தரலாமாம். உள்ளூர் ஆட்டம் அத்தனைக்கும் ஸ்கோர் எழுதியவன் நீ. லாவோ எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று நான்கு வரி எழுதி அனுப்பு. உன் வார்த்தைக்கு மேல் இந்த ஊரில் வார்த்தை இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா ஒப்துலியா


பிராங்க்ஸ், நியூயார்க்
30 ஜனவரி 1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசீர்வாதம் கொடு, அக்கா. நீ அனுப்பிய காப்பித்தூள் வாசனையில் மாடிப்படி முழுக்க நம் ஊர் மணக்கிறது. முழங்கால் மழைக்கு முன்பே சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

இங்கே சவரக்கடை வாசலில் எங்கள் கூட்டம் பனியிலும் கலையவில்லை. புகழ் மண்டபத்துக்கு யார் தகுதி என்று போன வாரம் பெரிய சண்டை. இருபது வருடம் சுமாராக ஆடியவனா, ஐந்து வருடம் இடிமின்னலாக ஆடியவனா? இரண்டு பேர் சட்டையைப் பிடிக்கும் வரை போய்விட்டார்கள். கடைசியில் "தெயோஃபிலோகிட்ட கேளு, அவரு ஸ்கோரரு" என்று என்னிடம் வந்தார்கள். நான் சொன்னேன்: "மண்டபம்ங்கிறது பரிதாபப்படுற இடம் இல்ல. புஸ்தகத்துல என்ன இருக்கோ அதுதான்." எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். என் பேச்சுக்கு இங்கே அந்த மரியாதை உண்டு.

அதனால் அக்கா, சொந்தக்காரருக்காக நான் எழுதுவது அழகில்லை. ஸ்கோர் புத்தகம் பேசட்டும். இந்த வயதில் ஒரு வெண்கலத் துண்டுக்காக நீ ஆண்கள் கூட்டத்தில் போய் நிற்பதும் வேண்டாம். உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

மாறாத அன்புடன்
தம்பி தெயோஃபிலோ


சாந்தா ருஃபீனா
20 பிப்ரவரி 1983

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். என் சர்க்கரையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போக வேண்டாம் என்று எழுதினாய், போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். உங்களுக்குச் சவரக்கடை என்றால் இங்கே மருந்துக்கடை. சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களைவிட தலைவலி கொடுக்க வந்தவர்கள் அதிகம். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன வேணும் ஒப்துலியா, இருமல் மருந்தா?" என்றார் ரைமுந்தோ.

"எனக்கு இருமல் இல்ல. உங்க பட்டியலுக்குத்தான் நோவு."

"லாவோவுக்குக் கால் நல்ல கால். நான் இல்லேங்கல. கைதான் எண்ணெய்."

"அந்தக் கை நூத்துக்கணக்குல பந்தைப் பிடிச்சுக் குடுத்துச்சு, அதை வச்சுத்தான் நீங்க சுவரேறினீங்க."

அப்போது மூலையில் இருந்த கசில்தோ, மைதானத்தில் ஸ்கோர் பலகை மாட்டுகிறாரே அவர், எதையோ நினைத்துச் சிரித்தார். "பாவம், லாவோவுக்கு மச்சானே ஸ்கோரரா இருந்தும் எண்பத்து மூணு. முதல் வருஷம் நாங்கெல்லாம் 'மச்சான் பென்சில், மச்சான் பென்சில்'னு கத்துவோம். ஞாபகம் இருக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ஞாபகம் வந்தது. லாவோ பந்தைத் தொட்டாலே, நீ பென்சிலால் அவரைக் காப்பாற்றிவிடுவாய் என்று அந்தக் கூச்சல் எழும்.

புத்தகம் பேசட்டும் என்றாய். சரி, பேச வைக்கிறேன். அறுபத்தொன்றில் நீ விமானம் ஏறியபோது உன் தகரப் பெட்டியை என் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனாய். ஒன்பது வருடத்துப் புத்தகமும் அதில்தான் இருக்கிறது. சாவி எங்கே என்று எழுது.

அக்கா ஒப்துலியா


பிராங்க்ஸ்
28 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசீர்வாதம் கொடு, அக்கா. உன் கடிதம் இன்றுதான் வந்தது, உடனே எழுதுகிறேன். நீ நலமா? கண் எப்படி இருக்கிறது? இரத்தம் சோதித்தாயா? அத்தானின் முதுகு எப்படி? துவரை முடிந்ததா? பக்கத்து வீட்டில் எல்லாரும் சுகமா? எல்லாருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

சாவி தொலைந்து பல வருடம் ஆகிறது. அந்தப் பெட்டியை இப்போது திறக்க வேண்டாம். உள்ளே பூச்சி அரித்திருக்கும், தூசி உனக்கு ஆகாது. என் கையெழுத்தும் குறிகளும் உனக்குப் புரியாது. கோடையில் நானே வரப் பார்க்கிறேன். வந்து இருவரும் நிதானமாகப் பார்க்கலாம். அதுவரை பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

தம்பி தெயோஃபிலோ


சாந்தா ருஃபீனா
20 மார்ச் 1983

தம்பி தெயோஃபிலோவுக்கு,

நாங்கள் நலம். நீ கேட்ட அத்தனைக்கும் சேர்த்து இந்த ஒரு பதில்.

மூன்று வாரத்துக்குக் குறைந்து நீ ஒருநாளும் எனக்குப் பதில் போட்டதில்லை. இந்தத் தடவை எட்டே நாளில் பதில் எழுதியிருக்கிறாய். உறையைப் பார்த்ததுமே சுத்தியலை எடுத்தேன்.

"விட்டுடு ஒப்துலியா" என்றார் லாவோ.

"எதை விடணும்?"

"பூட்டை."

"பூட்டை விடுறேன், தாழ்ப்பாளை உடைக்கிறேன்" என்று ஒரே போடு போட்டேன். பூச்சி ஒன்றும் இல்லை. புகையிலை இலை போட்டு எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாய்.

உன் குறிகள் புரியாது என்றாய். முப்பத்தைந்து வருடம் வெட்டுப்படம் பார்த்துத் துணி தைத்தவள் நான். இரண்டு நாளில் புரிந்தது. லீக் வருடாவருடம் அச்சடித்த சிறு புத்தகங்களும் பெட்டியில் இருந்தன. அதில் மொத்தப் பிழை இருக்கிறது, உன் புத்தகத்தில் உள்ளூர்ப் பிழை இருக்கிறது. கழித்தால் வெளியூர்ப் பிழை. தரையில் வெட்டுக் காகிதத்தை விரித்து ஒன்பது வருடத்தையும் எழுதினேன்.

வெளியூரில், முன்பின் தெரியாத ஸ்கோரர்கள் எழுதியது: பத்தொன்பது.

சொந்த ஊரில், சொந்த மண்ணில், சொந்த மச்சான் எழுதியது: அறுபத்து நான்கு.

ஆட்டங்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். மற்ற எட்டுப் பேருக்கும் பார்த்தேன். ஒருவருக்கும் இப்படி இல்லை. அவர்களுக்கு உள்ளூரில் பிழை குறைவு.

பிறகு ஐம்பத்தாறு, ஆகஸ்ட் பக்கத்தை எடுத்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ் கட்டத்தில் காகிதம் தேய்ந்து மெலிந்திருக்கிறது. பிரித்துத் தைத்த இடம் தையல்காரிக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிழைக்கு அடியில் ஹிட்டுக்கு நீ போடும் குறி இருக்கிறது.

ஒரே கேள்வி. அன்றைக்குப் பந்து எங்கே போனது?

ஒப்துலியா


சாந்தா ருஃபீனா
1 மே 1983

தெயோஃபிலோவுக்கு,

ஆறு வாரம் ஆயிற்று. தபால்காரரைப் பார்த்தால் அவரே முந்திக்கொண்டு தலையை ஆட்டுகிறார்.

நீ பதில் போடாவிட்டாலும் சேதி ஊரில் பரவிவிட்டது. வியாழக்கிழமை ரைமுந்தோ கொய்யா மிட்டாய்ப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"லாவோ, உன் பொண்டாட்டி புஸ்தகத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் திரியுறாளாம்."

"அவ காலு, அவ திரியுறா" என்றார் லாவோ.

"அந்த ஆட்டத்தைக் கிளறாதீங்கப்பா. இந்த ஊருக்கு இருக்கறதே அந்த ஒரு பெருமைதான். என் பேரன் பள்ளிக்கூடத்துல அதை வச்சுக் கட்டுரை எழுதியிருக்கான். வேணும்னா அடுத்த வருஷம் உனக்கு 'நன்னடத்தை ஆட்டக்காரர்'னு ஒரு சான்றிதழ் வாங்கித் தர்றேன்."

"காகிதமா? குடுங்க. மழை வந்தா தலையில போட்டுக்குவாரு" என்றேன். அவர் எழுந்துவிட்டார். மிட்டாய்ப் பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினேன். லாவோவுக்கு அதில்தான் வருத்தம்.

சங்கம் ஜூன் 29 கூடுகிறது.

ஒப்துலியா


பிராங்க்ஸ்
22 மே 1983

அக்காவுக்கு,

ஆசீர்வாதம் கொடு, அக்கா. போன இரண்டு கடிதத்திலும் நீ அதை எழுதவில்லை. எழுத மறந்திருப்பாய் என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

பந்து லாவோவிடம் நேராக வரவில்லை. புல்லும் மண்ணும் சேருகிற விளிம்பில் பட்டு, அவர் தலைக்கு மேலே துள்ளிப் போய்விட்டது. அவர் குதித்தார். எந்த மனிதனுக்கும் அது எட்டியிருக்காது. ஹிட்தான். நான் ஹிட் என்றுதான் எழுதினேன்.

எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தால் மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் திரும்பி, நான் உட்கார்ந்திருந்த ஸ்கோரர் கூண்டைப் பார்க்கிறார்கள். ரைமுந்தோ பந்து எறியும் மேட்டில் நின்று என்னைப் பார்க்கிறார். அத்தனை முகத்திலும் ஒரே வார்த்தை எனக்குத் தெரிந்தது. இப்போது ஹிட் என்று காட்டினால், மச்சானைக் காப்பாற்ற ஊர்ப் பெருமையைக் கெடுத்தான் என்பார்கள். ரப்பரை எடுத்தேன். வேறு யாருக்குப் பிழை போட்டிருந்தாலும் அவன் கூண்டுக்கே ஏறி வந்து சண்டை போட்டிருப்பான். லாவோ வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு ஆள்தானே, தாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன்.

அறுபத்து நான்கும் அப்படித்தான். முதல் வருடம் 'மச்சான் பென்சில்' என்று கத்தினார்களே, அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எவனும் என்னைப் பார்த்து அதைச் சொல்லக் கூடாது என்று. லாவோவிடம் சந்தேகமாக ஒரு பந்து வந்தால் பிழை. மற்றவர்களுக்குச் சந்தேகம் என்றால் ஹிட். மூன்றாவது வருடம் கூச்சல் நின்றுவிட்டது. "தெயோஃபிலோ நேர்மையானவன், சொந்த மச்சானுக்கே பிழை போடுறான்" என்று பாதிரியாரே சொன்னார். அந்தப் பேரை வைத்துத்தான் இங்கேயும் இத்தனை வருடம் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குச் சொல்லிவிட்டேன். சங்கத்துக்கு எழுதச் சொல்லாதே, அக்கா. அதை எழுதினால் அப்புறம் நான் யார்?

உன் தம்பி
தெயோஃபிலோ


சாந்தா ருஃபீனா
5 ஜூன் 1983

தெயோஃபிலோவுக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டில் லாவோவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும், ஒரு வரி விடாமல். அவர் துவரைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் தண்ணீர் குடித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பந்து எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? என் தலைக்கு மேல போச்சு. அறுபத்து நாலுல ஒரு முப்பது என்னுது இல்ல. அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன்யா வாயத் தொறக்கல?"

"கூண்டுக்குப் போய் நின்னா, மச்சான்கிட்ட பேரம் பேசுறான்னு கத்துவானுங்க. அவனுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இரண்டு ஆண்பிள்ளைகள், மைதானத்தில் வேலையற்ற நாலு பேர் போட்ட ஒரு கூச்சலுக்குப் பயந்து, ஒருவன் பொய் எழுத, ஒருவன் அதைச் சுமக்க, அதற்கு நேர்மை என்றும் அடக்கம் என்றும் பெயர். இருபத்தேழு வருடம் என் வீட்டு மேஜையில் இருவரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சல் எனக்கும்தான் கேட்டது. நான் பயப்படவில்லை.

சுவரில் இருக்கும் ரைமுந்தோவின் வெண்கலத்தைக் கழற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஹிட் கொடுத்தாலும் அவர் பெரிய பிட்சர்தான். எனக்கு வேண்டியது என் புருஷனின் கணக்கில் அவர் செய்யாத பிழை இருக்கக் கூடாது என்பதுதான். சங்கத்துக்கு எழுதினால் நான் யார் என்று கேட்டாய். ஸ்கோரர். முதல் தடவையாக.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் 29ஆம் தேதி புத்தகத்தோடு நான் போகிறேன். ஆசீர்வாதம் என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அதை வைக்கவில்லை.

ஒப்துலியா


பிராங்க்ஸ்
19 ஜூன் 1983

சாந்தா ருஃபீனா பேஸ்பால் புகழ் மண்டபச் சங்கத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

1952 முதல் 1960 வரை தங்கள் மைதானத்தில் அதிகாரபூர்வ ஸ்கோரராக இருந்த தெயோஃபிலோ ஆகிய நான் சுயநினைவோடு எழுதிக்கொடுப்பது. 1956 ஆகஸ்டில் லோமா செக்காவுக்கு எதிரான ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஷார்ட்ஸ்டாப் லாவோ மீது நான் எழுதிய பிழை பொய். அது ஹிட். முதலில் சரியாக எழுதி, பிறகு பயந்து அழித்தேன். அந்த ஒன்பது வருடமும், அவர் என் அக்காவின் கணவர் என்பதற்காகவே அவர்மேல் மட்டும் கடுமையாக எழுதினேன். என்னை நேர்மையானவன் என்று நீங்கள் நம்பியதற்கு அவர் விலை கொடுத்தார். புத்தகத்தைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
தெயோஃபிலோ, ஸ்கோரர்

அக்கா, இது நகல். மூலப்பிரதியைப் பதிவுத் தபாலில் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன் சவரக்கடை வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். பிறகு சவரக்காரர் சொன்னார்: "அப்போ இத்தன வருஷமா நீ சொன்ன தீர்ப்பெல்லாம் மறுவிசாரணைக்குப் போகணும்." இன்று காலை நான் போனபோது என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். நான் நின்றுகொண்டே கேட்டேன். சண்டை நன்றாகத்தான் இருந்தது.

ஆசீர்வாதம் கேட்கிறேன். கொடுப்பது உன் இஷ்டம்.

தெயோஃபிலோ


சாந்தா ருஃபீனா
4 ஜூலை 1983

தம்பிக்கு,

எங்கள் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஏணி ஏறியதில் இடுப்பு மட்டும் வலிக்கிறது. ஏணி எங்கே வந்தது என்று சொல்கிறேன்.

29ஆம் தேதி சங்கத்தில் உன் கடிதத்தை ரைமுந்தோவே எழுந்து வாசித்தார். பாதியில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார், ஆனாலும் முடித்தார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பிறகு மருந்துக்கடைக்காரர் லீக் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்ற இருபத்து நான்கு மணி நேரம்தான் உண்டாம். "இருபத்தேழு வருஷம் ஆயிருச்சேம்மா." ஐந்து பேரில் மூன்று பேர் திருத்தம் வேண்டாம் என்று கை தூக்கினார்கள். ரைமுந்தோவும் தூக்கினார். லாவோ பெயர் சுவரில் ஏறவில்லை.

"உங்க சுவரு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று ஞாயிறு. மைதானத்தில் இரண்டு மணிக்கு ஆட்டம். நான் பன்னிரண்டரைக்கே போனேன். நடு மைதானத்துக்குப் பின்னால் அதே ஸ்கோர் பலகை, அதே ஆணிகள், அதே தகடுகள். கசில்தோ தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏணியைப் பிடி" என்றேன்.

"இன்னும் ஆட்டமே தொடங்கல. எந்த ஆட்டத்தை மாட்டப் போற?"

"ஐம்பத்தாறு."

அவர் என்னைப் பார்த்தார். கீழே இருந்து பழைய 'லோமா செக்கா' தகட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

லோமா செக்கா: ரன் பூஜ்யம், ஹிட் ஒன்று. சாந்தா ருஃபீனா: ரன் இரண்டு, ஹிட் ஆறு, பிழை பூஜ்யம். மாட்டிவிட்டு இறங்கி, அங்கேயே நின்றேன்.

கூட்டம் வந்து உட்கார்ந்தது. சின்ன வயசுக்காரர்கள் பலகையைப் பார்த்துச் சிரித்தார்கள். நாற்பது தாண்டியவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் எழுந்து, "ஹிட்டு ஒண்ணு, பிழை இல்ல" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். அது வரிசை வரிசையாகப் போனது.

ரைமுந்தோ மரியாதை இருக்கையிலிருந்து எழுந்து, "அதை இறக்குங்கப்பா" என்றார். கசில்தோ ஏணிமேல் சாய்ந்துகொண்டு, "எனக்கு முட்டி சரியில்ல" என்றார். ரைமுந்தோ நடுவரிடம் கேட்டார். "பலகை என் வேலை இல்லீங்க" என்றார் நடுவர். ஒருவரும் ஏறவில்லை.

அப்போது மூன்றாவது பேஸுக்குப் பின்னால், எப்போதும் உட்காரும் இடத்திலிருந்து, லாவோ எழுந்தார். மைதானத்துக்குள் இறங்கினார். தான் ஒன்பது வருடம் நின்ற இடத்தைக் கடந்து, என்னைப் பார்க்காமல், நேராக ஏணிக்கு வந்தார். இறக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இந்த மனிதர் எப்போதும் அப்படித்தானே. ஊருக்குச் சங்கடம் வேண்டாம் என்று எடுத்துவிடுவார். எடுத்தால் இந்த ஜென்மத்துக்கும் அவரோடு பேசக் கூடாது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

லாவோ ஏறினார். நான் மாட்டியிருந்த 'ஒன்று' ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது, எனக்கு உயரம் போதவில்லை. அதைக் கழற்றி, நேராக மாட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். இறங்கிவிட்டார்.

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அவர் பாதி தூரம் திரும்பி நடந்திருப்பார். உச்சி வரிசையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், யார் என்று இன்னும் தெரியவில்லை, நீட்டி முழக்கியது: "மச்சான் பென்சில்."

நீங்கள் இருவரும் இத்தனை வருடம் பயந்த கூச்சல் வந்தேவிட்டது, தம்பி. லாவோ நின்றார். திரும்பினார். தொப்பியைக் கழற்றி அந்தப் பக்கம் காட்டி, வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு மைதானமே எழுந்து நின்றது. ஆட்டம் அரை மணி நேரம் தாமதம்.

'ஒன்று' தகட்டைக் கசில்தோ என்னிடம் கொடுத்துவிட்டார், பலகைக்கு வேறு தகடு அடித்துக்கொள்வாராம். அது இப்போது எங்கள் தெருக்கதவில் தொங்குகிறது. இன்று காலை ரைமுந்தோ அந்த வழியாகப் போனார். நின்று பார்த்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை.

ஜனவரியில் மறுபடி விண்ணப்பம் போடுகிறேன். அதற்கு அடுத்த ஜனவரியிலும். அறுபத்து நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எதெல்லாம் அவருடையது இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய். முதல் வருடப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், தம்பி. பென்சிலைச் சீவி வை.

உன் அக்கா
ஒப்துலியா